கோக்கியோ ஏரிகளுக்குச் செல்வோர்க்கு



எவரெஸ்ட் என்னும் பெயரை அறியாதார் உங்களுள் ஒருவரும் இரார். அச்சிகரத்திற்குச் சற்று மேற்கே, நேபாள நாட்டின் கும்பு வட்டாரத்தில், தூத் கோசி ஆற்றின் தலைப்பள்ளத்தாக்கிலே படிப்படியாக அமைந்த ஏரிகள் உள்ளன. அவற்றைக் கோக்கியோ ஏரிகள் என்பர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,700 மீட்டரில் தொடங்கி 5,000 மீட்டர் வரை அவை பரவிக் கிடக்கின்றன. 2007 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளாக அவை ஏற்கப்பட்டன. கயிறும் பனிக்கோடரியும் இல்லாமல், கால்நடையாகவே சென்று காணத்தக்கவை இவை. இருமுறை அவ்வழி நடந்தவன் நான். வகுப்பிற்குள் நுழையுமுன் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை என்பதனால், இப்பயணத்திற்கும் ஒரு குறிப்பு எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அக்குறிப்பையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தென்னாட்டு மலைகளுள் மிக உயர்ந்தது ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். கோக்கியோவுக்கு நடை தொடங்கும் லுக்லா விமானத்தளமோ 2,860 மீட்டரில் இருக்கிறது. அதாவது, நம் மலைகளின் உச்சியைக் காட்டிலும் உயரமான இடத்திலேயே நாம் முதல் அடியை எடுத்து வைக்கிறோம். உதகையிலும் கொடைக்கானலிலும் நடந்து பெற்ற அனுபவம் கால்களுக்கு உதவும்; நுரையீரலுக்கு அவ்வளவாக உதவாது.

மேலே செல்லச் செல்லக் காற்றில் பிராணவாயு குறைகிறது என்று பலரும் சொல்வர். அது பாதி உண்மையே. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு என்னும் விகிதம் சென்னைக் கடற்கரையிலும் கோக்கியோவிலும் ஒன்றுதான். குறைவது காற்றின் அழுத்தம். 4,790 மீட்டரில் உள்ள கோக்கியோ சிற்றூரில் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதிக்குச் சற்றே மேல். ஆகவே ஒரு மூச்சில் நாம் உட்கொள்ளும் காற்றின் அளவே ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. இதே காரணத்தால் அங்கே தண்ணீர் 84 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நெடுநேரம் ஆகும். சமையற்காரரை விரைவுபடுத்திப் பயனில்லை.

குறைந்த அழுத்தத்திற்கு உடல் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையது. மூச்சு ஆழமாகும், நாளடைவில் இரத்தத்தில் செவ்வணுக்கள் மிகும். ஆனால் இதற்கு நாட்கள் வேண்டும். மருத்துவர் வகுத்துள்ள விதி எளியது. 3,000 மீட்டருக்கு மேலே, ஓர் இரவு உறங்கும் இடத்திற்கும் அடுத்த இரவு உறங்கும் இடத்திற்கும் இடையே 500 மீட்டருக்கு மிகாத ஏற்றம். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏற்றமே இல்லாத ஓய்வுநாள். பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, இரவில் எங்கே படுத்தோம் என்பதே கணக்கு.

இவ்விதியை வழியோடு பொருத்திப் பாருங்கள். லுக்லாவிலிருந்து முதல்நாள் பாக்டிங். அது 2,610 மீட்டர்; இறக்கமே. மறுநாள் நாம்சே பஜார், 3,440 மீட்டர். இந்த ஓர் ஏற்றம் மட்டும் மிகுதியானது. இடையில் வசதியான தங்குமிடம் குறைவு என்பதால் இதைத் தவிர்ப்பது கடினம். ஆகையால் நாம்சேயில் இரண்டு இரவுகள், இயன்றால் மூன்று. அதன்பின் மோங் என்னும் மேட்டின்மேல் ஏறி இறங்கி, ஆற்றங்கரையருகே உள்ள போர்ட்சே தெங்கா, 3,680 மீட்டர். அடுத்து டோலே, 4,100 மீட்டர் அளவு. அடுத்து மச்செர்மோ, 4,470 மீட்டர். அங்கே மீண்டும் இரண்டு இரவுகள். அதன்பின்னரே கோக்கியோ.

இதில் ஒரு பொறி உள்ளது. போர்ட்சே தெங்காவிலிருந்து டோலேக்கு இரண்டு மூன்று மணி நேர நடைதான். டோலேயிலிருந்து மச்செர்மோவும் அப்படியே. பகல் உணவிற்குள் அன்றைய நடை முடிந்துவிடும். வெயில் காய்கிறது, கால்களில் வலு இருக்கிறது, அடுத்த ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. இளைஞர்களால் சும்மா இருக்க முடிவதில்லை. நாம்சேயிலிருந்து மூன்றே நாளில் கோக்கியோவை எட்டிவிட்டோம் என்று பெருமை பேசுவோரை அவ்வழியில் கண்டிருக்கிறேன்; அவர்களுள் சிலரை மறுநாள் குதிரையின்மேல் கண்டிருக்கிறேன்.

ஒழுங்காக ஏறினாலும் எல்லார் உடலும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. 2018 ஆம் ஆண்டு அக்டோபரில் என் பழைய மாணவர் நால்வருடன் சென்றேன். அவர்களுள் ஒருவன் பள்ளிக்காலத்தில் ஓட்டப் பந்தயங்களில் எப்போதும் முன்னிற்பவன். மச்செர்மோவில் முதல் இரவு அவன் சோற்றைத் தொடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றான். தலைவலி முன்தினமே தொடங்கியிருந்தது என்பதும், தன்னால் மற்றவர் பயணம் கெடக்கூடாது என்று அவன் மறைத்தான் என்பதும் பின்னர்தான் தெரிய வந்தன. எங்கள் வழிகாட்டி தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் விரல்நுனியில் மறுகாலின் குதிகாலை வைத்து வைத்து நடக்கச் சொன்னார். ஐந்தாவது அடியில் அவன் பக்கவாட்டில் சாய்ந்தான்.

நண்பர்களே, இச்சோதனையை மனத்தில் கொள்ளுங்கள். தலைவலி, உணவில் வெறுப்பு, உறக்கமின்மை ஆகியவை மட்டும் இருந்தால், மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் தணியும். நடை தள்ளாடினாலோ பேச்சுக் குழறினாலோ மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அசையாது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று ஐயுற வேண்டும். இவ்விரண்டும் சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும். உடனே கீழே இறக்குவதே முதல் மருத்துவம், மற்றவையெல்லாம் துணை.

“ஐயா, விடியட்டும்; அதுவரை பொறுத்துக்கொள்கிறேன்” என்றான் அவன். கண்ணீர் விட்டான் என்றும் சொல்ல வேண்டும். ஏரிகள் அரைநாள் தொலைவில் இருந்தன. ஓராண்டுக் காலம் பணம் சேர்த்து வந்தவன். இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்குகளுடன் வழிகாட்டியும், ஒரு சுமைதூக்கியும், நானும் அவனை இருபுறமும் தாங்கி டோலேக்கு இறக்கினோம். மறுநாள் போர்ட்சே தெங்காவிற்கு வந்ததும் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான். மற்ற மூவரும் உதவி வழிகாட்டியுடன் ஏரிகளைக் கண்டு திரும்பினர். ஒருவர் இறங்க நேர்ந்தால் யார் உடன் இறங்குவது என்பதைச் சென்னையிலேயே முடிவு செய்திருந்தோம். அதனால் அன்றிரவு வாதம் எழவில்லை. அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உடல் பழகுதலை விரைவுபடுத்தும். அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டறியுங்கள். ஆயினும் மாத்திரை இருக்கிறதென்று நாட்களைக் குறைக்கும் திட்டம் திட்டமாகாது.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபரும் நவம்பரும் வானம் தெளிந்த மாதங்கள். மார்ச் முதல் மே வரை அடுத்த நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மேகமும் மிகுதி. ஆனால் ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமியை நேபாளத்தில் ஜனை பூர்ணிமா என்று கொண்டாடுகின்றனர். அந்நாளில் மழையையும் பொருட்படுத்தாது இவ்வேரியில் நீராட அடியார்கள் வருகின்றனர். நல்ல பருவத்திலும் இயற்கை முறை தவறும். 1995 நவம்பரில் எதிர்பாராத பெரும்பனி பொழிந்து, கோக்கியோவுக்குக் கீழே பாங்கா என்னுமிடத்தில் தங்குவிடுதியின்மேல் பனிச்சரிவு விழுந்தது. ஜப்பானியப் பயணிகள் 13 பேரும் அவர்களுடன் சென்ற நேபாளத் தொழிலாளரும் மாண்டனர். கனத்த பனி பெய்தால் சரிவுகளின் அடியில் நடப்பதை நிறுத்திக் காத்திருத்தல் வேண்டும்.

இனி ஏரிகளுக்கு வருவோம். ஏரிகளின் கிழக்கே, உயர்ந்த கற்குவியற் கரைக்கு அப்பால், நொசும்பா பனியாறு கிடக்கிறது. நேபாள இமயத்தின் மிக நீண்ட பனியாறு அது. அக்கரைக்கும் மலைச்சரிவுக்கும் இடைப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கியே இவ்வேரிகள் உண்டாயின. மூன்றாவதான தூத் போக்ரியின் கரையில்தான் சிற்றூர் உள்ளது. நான்காவதான தோனாக் பரப்பிற் பெரியது. நீரின் நிறம் மயில் கழுத்தை நினைவூட்டும். பனி பாறையை அரைத்து உண்டாக்கிய மாவு போன்ற நுண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறச் செய்வதே இந்நிறத்திற்குக் காரணம். என்னைக் கேட்டால், சிகரங்களைக் காட்டிலும் இந்நீரின் முன் உட்கார்ந்திருப்பதற்கே ஒரு முழுநாள் ஒதுக்கலாம்.

சிகரங்களைக் காணும் மேடு கோக்கியோ ரி. உயரம் 5,357 மீட்டர். சிற்றூரிலிருந்து 570 மீட்டர் ஏற்றம். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு என்னும் எண்ணாயிரம் மீட்டர்ச் சிகரங்கள் நான்கையும் அங்கிருந்து காணலாம். எல்லாரும் விடியற்காலையில் ஏறுகின்றனர். வானம் தெளிந்திருப்பது அப்போதுதான் என்பது மெய்யே. ஆனால் எவரெஸ்ட் அங்கிருந்து கிழக்கே உள்ளது; கதிரவன் அதன் பின்னிருந்து எழுவதால் சிகரம் கருநிழலாகவே தோன்றும். மாலையிலோ மேற்கு வெயில் அதன் முகத்தில் விழுந்து பொன்னாக்கும். எனினும் பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும். இறங்கும்போது இருட்டும் கடுங்குளிரும் சேரும். கோக்கியோவில் இரண்டு இரவுகளேனும் தங்கினால் இரண்டையும் முயலலாம். மூன்றாம் நாள் கிடைத்தால் வடக்கே ஐந்தாம் ஏரி வரை நடந்து வாருங்கள்.

அம்மேட்டில் நிற்கும்போது நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அச்சிகரத்தின் உயரத்தைக் கணித்த பெரு நில அளவையின் அடிக்கோட்டை லாம்டன் என்பார் 1802 ஆம் ஆண்டில் நம் பரங்கிமலையருகே அளந்து தொடங்கினார். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அது வடக்கே சென்றது. 1856 இல் அச்சிகரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. 2020 இல் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அடிக்கணக்கில் மாற்றி, வேறுபாடு எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

சுமைதூக்கிகளைப் பற்றிப் பலரும் மறந்துவிடுகின்றனர். அவர்கள் அனைவரும் ஷெர்பாக்கள் அல்லர். பலர் தாழ்ந்த மலையூர்களிலிருந்து பிழைப்புக்காக வருபவர்கள். உயரம் உங்களைப் போலவே அவர்களையும் தாக்கும். அவர்களுக்குக் கனத்த உடையும் காலணியும், இரவில் கூரையும், நோய்க்குக் காப்பீடும் உண்டா என்று ஏற்பாடு செய்வோரிடம் கேளுங்கள். தலைவலி உண்டா என்று நாள்தோறும் அவர்களையும் கேளுங்கள். கூலி போய்விடும் என்று அஞ்சி அவர்களாகச் சொல்லார்.

கடைசியாக, உபரி நாட்கள். லுக்லாவின் ஓடுதளம் 527 மீட்டர் நீளமே உடையது, சரிவானதும் கூட. மேகம் சூழ்ந்தால் விமானம் வாராது. ஆகவே ஊர் திரும்பும் இரயிலுக்கு முன் இரண்டு மூன்று நாட்களை வெறுமையாக விடுங்கள். அவை மேலே ஒருவர் நோயுற்றாலும் பயன்படும். திரும்பும் வழியில் மோங் மேட்டிலிருந்து நேரே நாம்சேக்கு இறங்காமல் கும்ஜுங் ஊர் வழியாக வாருங்கள். எவரெஸ்டில் டென்சிங்குடன் முதலில் ஏறிய ஹில்லாரி, 1961 இல் அவ்வூராருக்கு அமைத்துக் கொடுத்த பள்ளி அங்கே இருக்கிறது. வகுப்பு நடக்கும் வேளையானால் சுவருக்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளே போய்ப் படம் எடுத்துப் பிள்ளைகளின் பாடத்தைக் கெடுக்க வேண்டா.