முதலில் காற்று, பிறகு பெட்ரோல்

மறைமலை நகரில் உருவான ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய மிட்சுபிஷி லான்சர், 2000-இல் வந்த ஹோண்டா சிட்டி விடெக், அடுத்து வந்த ஃபியட் பாலியோ ஜிடிஎக்ஸ். ஒரு காலத்தில் வேகத்துக்குப் பேர்போன இந்தக் கார்களை விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள் தென்சென்னைப் புறநகரில் இன்றும் இருக்கிறார்கள். பட்டறைக்கு வரும்போது அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பிக்கப் போய்விட்டது, சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் வண்டி அணைந்துவிடுகிறது. உடனே எல்லோர் கண்ணும் இன்ஜெக்டர் மேல் விழும். கழற்று, சுத்தம் செய், சரிவரவில்லையென்றால் வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழை. வயதான காரில் இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கருத்து. சந்தேகம் முதலில் காற்று உள்ளே வரும் பாதையில் தொடங்க வேண்டும், பெட்ரோல் பாதையின் முறை அதற்குப் பிறகுதான். இதில் பணமும் மிச்சம். காற்றுப் பாதையின் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை நம் ஊர் லேத் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம்.

காரணம், இந்த இன்ஜின்கள் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. பழைய அம்பாசடரின் கார்புரேட்டரில் உள்ளே பாயும் காற்றே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போகும். அளவு துல்லியமாக இருக்காது. 1999-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ தரத்தைக் கட்டாயமாக்கியது. 2000-இல் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாடு இறுகியது. கார்புரேட்டரால் அதற்கு ஈடுகொடுப்பது கடினமானது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ, தொடக்கத்திலேயே எம்பிஎஃப்ஐ காராக வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர், அதைத் திறந்து மூட இசியூ என்கிற கணினி. அந்தக் கணினிக்குப் பெட்ரோலைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது. அது அளப்பது காற்றை. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று தெரிந்தால், இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. 1967-இல் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகனுக்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தது. பின்னால் வந்த எல்-ஜெட்ரானிக், நுழையும் காற்றையே அளந்தது. பெட்ரோல் கார்களின் மின்னணு இன்ஜெக்‌ஷன் இன்றுவரை பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளைத்தான் பின்பற்றுகிறது. காற்றின் கணக்கு பிழைத்தால் இன்ஜெக்டர் புத்தம் புதிதாக இருந்தும் பயனில்லை.

இருபத்தைந்து ஆண்டு ஓடிய காரில் முதலில் கெடுவது எது என்று பாருங்கள். த்ராட்டில் பாடிக்கும் ஃபில்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் மடிப்புகளில் வெடிக்கும். பிரேக் பூஸ்டருக்கும் மற்றவற்றுக்கும் போகும் சின்ன வேக்யூம் ஹோஸ்கள் முனையில் கெட்டிப்பட்டுத் தளரும். மேனிஃபோல்ட் பேக்கிங் சுருங்கும். இன்ஜெக்டரின் அடியில் உள்ள ரப்பர் வளையம்கூடக் காற்றை விடும். இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி த்ராட்டில் தகட்டைச் சுற்றிக் கரியாகப் படிந்து, ஐடிலிங் வால்வை அடைக்கும். ஓட்டை விழுந்த உறிஞ்சு குழலில் இளநீர் குடிக்கிற கதைதான். காற்றை நேரடியாக அளக்கும் காரில், கணக்கில் வராத காற்று உள்ளே புகுவதால் கலவை மெலிந்து மிஸ்ஸிங் வரும். ஹோண்டா சிட்டிபோல மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் காரில், கணினி அந்தத் திருட்டுக் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு அதற்கும் பெட்ரோல் ஊற்றிவிடும். அதனால் ஐடிலிங் ஏறிப்போய் நிற்கும், அல்லது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதைவிட வேடிக்கை, பல கார்களில் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரே ஒரு வேக்யூம் ஹோஸை நம்பி இருப்பதுதான். அந்த ஹோஸ் வெடித்தால் ஐடிலிங்கில் அழுத்தம் கூடி, கலவை கெட்டியாகி, சைலன்ஸரில் பெட்ரோல் வாடை அடிக்கும். இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று தீர்ப்பு எழுதுவார்கள். குற்றவாளி ஒரு சாண் ரப்பர் குழாய்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது மேனிஃபோல்டுக்குள் வெற்றிடமே கிட்டத்தட்ட இருக்காது. அப்போது சின்னக் கசிவால் பெரிய பாதிப்பு கிடையாது. பழைய காரின் முழு வேகம் குறைந்திருந்தால் பெட்ரோல் பம்ப், பெட்ரோல் ஃபில்டர், அடைபட்ட இன்ஜெக்டர் இவற்றையே பார்க்க வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஐடிலிங்கில் சரியாக நின்று, நெடுஞ்சாலையில் ஏறி மிதித்தால் மட்டும் திணறும் கார், பெட்ரோல் பக்கம்தான் கைகாட்டுகிறது. ஆனால் அதையும் அளந்துவிட்டு முடிவு செய்யலாமே? நான்கு இன்ஜெக்டரையும் சோதனை மேடையில் பொருத்தி, ஒரே நேர அளவுக்குத் திறந்து, குழாய்களில் விழும் அளவை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நான்கும் சமமாகவும் கம்பெனி சொன்ன அளவிலும் இருந்தால் மாற்றத் தேவையில்லை. தவிர, ஜிஎஸ்டி சாலையில் ஒரு நாளில் எத்தனை முறை முழு மிதி மிதிக்க முடியும்? பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே இன்ஜின் வாழ்வது அரை மிதியிலும் ஐடிலிங்கிலும். கசிவு கடிக்கும் இடமும் அதுவே.

இன்னொரு மறுப்பு இளைஞர்களிடமிருந்து வரும். கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் காற்று தாராளமாக வருமே, ரேஸ் கார்களில் அப்படித்தானே என்பார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்தில் எஸ்டீமும் சிட்டியும் ஓடியபோது அவற்றின் இன்ஜின் எப்போதும் உச்சச் சுழற்சியில் இருந்தது. எதிர்க்காற்றும் நிற்காமல் வந்தது. தெருவில் நிலைமை வேறு. சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி, நெரிசலில் நிற்கும் காரின் பானட்டுக்குள் 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டுக் காற்றை உறிஞ்சும் திறந்த ஃபில்டருக்கு அடர்த்தியில் மட்டும் சுமார் 9 சதவீதம் நட்டம். கம்பெனி பெட்டியும் அதன் நீண்ட மூக்கும் வெளிக்காற்றை எடுக்கவே வைக்கப்பட்டவை. அந்தக் குழாயின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் நடுத்தரச் சுழற்சியில் இழுவை கூடும்படி கணக்கிட்டு அமைத்தவை. ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கிக் குளிர்ந்த காற்று எடுப்போம் என்பவர்கள், 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகளில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராட் வளையும். அதோடு அந்தக் காரின் கதை பெரும்பாலும் முடிந்தது. சத்தம் மட்டும் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலருக்கு அதுவே போதும் போலிருக்கிறது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு, எல்லாக் கோளாறுக்கும் எத்தனாலே காரணம் என்பது புதிய வாதம். இதில் பாதி நியாயம். எத்தனால் கலவைக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் வளையங்களையும் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றியே ஆக வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது, தீப்பிடிக்கும் விஷயம். மைலேஜும் குறையும். இ0-க்காக வடிவமைத்து இ10-க்கு ஏற்ப அளவு திருத்திய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே இருப்பதால், அதே காற்றுக்கு இ20 சுமார் 9 சதவீதம் கூடுதலாக ஊற்றப்பட வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள காரின் கணினி இதைத் தானே உணர்ந்து இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறக்கும். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. காற்றை நேரடியாக அளக்கும் வகையில், கசிவை ஈடுகட்டவே அதில் பாதியைச் செலவழித்துவிட்ட காரில் இ20 ஊற்றினால் மிச்சமும் தீர்ந்து கலவை மெலியும். கசிவில்லாத பக்கத்து வீட்டுக் கார் அதே பெட்ரோலில் ஒழுங்காக ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது உள்ளூர் விஷயத்துக்கு வருவோம். இன்ஜெக்டரை நம்மால் செய்ய முடியாது. அதன் ஊசி மைக்ரான் கணக்கில் கடைந்தது, ஐடிலிங்கில் இரண்டு மூன்று மில்லி விநாடியில் திறந்து மூடுவது. சென்சாரும் அப்படியே. இவற்றை நம்பகமான கடையில் அசலாக வாங்க வேண்டும், அல்லது புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைப்பதைச் சோதித்துப் பார்த்து எடுக்க வேண்டும். காற்றுப் பாதை அப்படியல்ல. நெளிந்த அலுமினிய மேனிஃபோல்ட் முகத்தை மில்லிங்கில் சமப்படுத்தலாம், தேய்ந்த த்ராட்டில் தண்டுக்கு வெண்கல புஷ் கடைந்து போடலாம், ஷீட் வாங்கி அளவாகப் பேக்கிங் வெட்டலாம். பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் வெடித்திருந்தால் மட்டும் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். இந்த வேலைகளுக்கான இயந்திரமும் கையும் குன்றத்தூர் பக்கம் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கின்றன. கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து பழகிய இடம் அது. சிக்கல் என்னவென்றால் அங்குள்ள யூனிட்டுகள் மொத்த ஆர்டரை நம்பிப் பிழைப்பவை. ஒற்றை ஆளாக ஒரு புஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் நேரம் ஒதுக்குவது கஷ்டம். ஒற்றை வேலைக்குப் பம்மல், தாம்பரம் பக்கத்துச் சிறு லேத் பட்டறைகள் போதும். ஒரே மாடல் கார் வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து, மாதிரியும் வரைபடமும் கொடுத்தால், தயாரிப்பு நின்றுபோன மேனிஃபோல்ட் பேக்கிங்கையும் ரப்பர் குழாயையும் ஒரே தடவையில் செய்துகொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. அடுத்த முறை யாராவது இன்ஜெக்டருக்கு விலைப்பட்டியல் நீட்டினால், காற்றுப் பாதைக்குள் புகை விட்டுக் கசிவு சோதித்தீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்லிவிட்டு, விலைப்பட்டியலை மடித்துப் பையில் வையுங்கள்.