குளிர்பெட்டியில் இன்சுலின்

நம் வீடுகளில் 'இனிப்பு நீர்' என்று வழங்கும் நீரிழிவு, மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கூறுகிறது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் அதிகம். எனவே, நம்மில் பலரின் வீட்டுக் குளிர்பெட்டியில் ஊறுகாய்க்கும் தயிருக்கும் நடுவே இன்சுலின் பேனாவும் இருக்கக்கூடும். அது எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்ததுண்டா?

என் பாட்டி அதை உறைபனித் தட்டை ஒட்டியே வைத்திருந்தார். "ஜில்லுனு இருந்தாத்தான்யா மருந்து கெடாது" என்பார். ஆனால், அவருடைய சர்க்கரை அளவு 18 மில்லிமோலுக்குக் கீழே இறங்கவேயில்லை. கிளினிக்கில் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. புதிதாக வாங்கிய பேனாவில் அந்தக் கூட்டிய அளவைப் போட்ட மறுநாள் விடியற்காலையில், பாட்டி வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிக் கிடந்தார். அளவு 2.9. விழுங்க முடிந்ததால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தோம். கால்மணி நேரங்கழித்து மீண்டும் சோதித்தோம். (நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 999 அழைக்க வேண்டும்.)

நடந்தது இதுதான். இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் அமைப்பு சிதையும். உருகிய பின்னும் பழைய ஆற்றல் திரும்பாது. பாட்டி மாதக்கணக்கில் வீரியம் குறைந்த மருந்தைப் போட்டு வந்திருக்கிறார். அதற்கேற்பக் கூட்டிய அளவு, நல்ல மருந்தில் மிகையாகிவிட்டது.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில், குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைக்கலாம். கதவுத் தட்டில் வெப்பம் ஏறி இறங்கும். பின்சுவரை ஒட்டினால் உறையும். பயன்பாட்டிலுள்ள பேனா 30 பாகைக்குக் குறைவான அறையிலேயே இருக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு நான்கு வாரம் கெடு. சில வகைகள் கூடுதலாகத் தாங்கும். மருந்துத் தாளைப் பாருங்கள். திறந்த தேதியைப் பேனாவில் எழுதி ஒட்டுவது நல்லது. வெயிலில் நிறுத்திய மகிழுந்தில் விட்டுச் செல்வது நம் ஊர் வெப்பத்துக்குச் சற்றும் ஒவ்வாது.

கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்துக் கலக்க வேண்டும். கட்டி கட்டியாகத் திரிந்திருந்தால் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, முதலில் 2 அலகை வெளியே தள்ளி, நுனியில் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். போட்டபின் பத்து எண்ணும்வரை ஊசியை உருவக்கூடாது. ஒரே இடத்தில் குத்திக் குத்திப் பாட்டியின் வயிற்றில் எலுமிச்சை அளவு தடிப்பு இருந்தது. அங்கே வலி தெரியாது என்பதால் அவருக்கு அது வசதி! ஆனால், தடித்த இடத்தில் மருந்து சீராக உறிஞ்சப்படாது. வயிறு, தொடை என இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான சவர்க்காரக் குப்பியில் போட்டுத் திருகுமூடியால் மூடி, கிளினிக்கில் பெற்றுக்கொள்வார்களா என்று தாதியிடம் கேளுங்கள். வெறும் நெகிழிப்பையில் கட்டி எறிந்தால், அது குப்பை அள்ளுபவரின் கையைத்தான் குத்தும்.