வாசலில் நனையும் தரையும் வீட்டாரின் வரவேற்பும்

வீட்டார் வேலை முடிந்து திரும்பும்போதோ விருந்தினர் வாசலில் நுழையும்போதோ நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டே தரையை நனைத்துவிடுவது பிடிவாதமும் அன்று, பழக்கக் கேடும் அன்று. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கி மூடி வைத்திருக்கும் வளையத் தசையான சுருக்குத்தசை இளங்குட்டிக்கு இன்னும் வலுப்பெறாததால், மகிழ்ச்சி மிகும் கணத்தில் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. சிறுநீர் கசிவதைக் குட்டியே பெரும்பாலும் உணர்வதில்லை. வளர வளரத் தசை வலுப்பெறுவதால், பெரும்பாலான குட்டிகளிடம் இது ஏறத்தாழ ஒரு வயதுக்குள் தானே மறைந்துவிடும்.

முன்பு ரப்பரும் இப்போது செம்பனையும் சூழ்ந்த சுங்காய் போன்ற மலேசியாவின் பேராக் மாநில ஊர்களில், மக்கள் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவரை நாய்கள் மண் முற்றத்தில் வளர்ந்தன. குட்டி விட்ட சிறுநீரை மண் உறிஞ்சிக்கொண்டதால் அது எவருக்கும் சிக்கலாகத் தோன்றவில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், டைல் பதித்த தரையில் தேங்கும் அதே சிறுநீர் உடனே கண்ணில் படுகிறது. அதட்டலும் அடியும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

இங்கு இரு நிலைகளை வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது. துள்ளியும் விளையாடியும் நிற்கும் குட்டியிடம் காண்பது கிளர்ச்சிச் சிறுநீர். காதுகளைப் பின்மடித்து, வாலை ஒடுக்கி, உடலைத் தாழ்த்தி அல்லது மல்லாந்து படுத்துக் கசியவிடுவது பணிவுச் சிறுநீர், அதாவது எதிரில் நிற்பவருக்குச் சினமூட்ட விரும்பாத குட்டி தன் அடக்கத்தை உணர்த்தும் இயல்பான செய்கை. கிளர்ச்சியில் நனைத்த குட்டியை அதட்டினால் அச்சமும் சேர்ந்து முதல் நிலை இரண்டாம் நிலையாக மாறக்கூடும் என்பதால், தண்டனை சிக்கலைத் தீர்ப்பதற்கு மாறாகப் பெருக்குகிறது. விலங்கைக் கொடூரமாக அடிப்பதும் உதைப்பதும் மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டுக்கு மிகாத சிறையோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்; சட்டம் எட்டாத சிறு அடியும் குட்டிக்கு எதையும் கற்பிப்பதில்லை.

எனவே மாற வேண்டியது வரவேற்கும் முறை. வீட்டுக்குள் நுழைபவர் உரத்த குரலில் கொஞ்சாமல், கண்ணோடு கண் நோக்காமல் சில நிமிடம் தம் வேலையைப் பார்த்திருந்து, குட்டி அடங்கிய பின் பக்கவாட்டில் குனிந்து அமர்ந்து, தலைக்கு மேல் கையை நீட்டாமல் மார்பையோ தாடையின் கீழ்ப்புறத்தையோ மெல்லத் தடவ வேண்டும். விருந்தினர் வருமுன் குட்டியை வெளியே அழைத்துச் சென்று சிறுநீர் கழிக்கச் செய்வதும், முதற்சந்திப்பையும் துள்ளல் விளையாட்டையும் புல்வெளியில் வைத்துக்கொள்வதும், அமைதியாக நின்ற கணத்தில் சிறு தின்பண்டம் தருவதும் நற்பலன் தரும். நனைந்த இடத்தைச் சிறுநீரின் வாடையை ஒத்த அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காமல், கழிவைச் சிதைக்கும் புரதப் பொருளான நொதி சேர்ந்த துப்புரவு நீரால் கழுவுவது நல்லது. தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது. வெப்ப நாட்டில் அது குட்டியின் உடல்நலத்தைக் கெடுக்கும்.

வரவேற்பு நேரம் அல்லாதபோதும், தூக்கத்திலும் சிறுநீர் ஒழுகினாலோ, அடிக்கடி முக்கிச் சிறிதளவே கழித்தாலோ, சிறுநீரில் குருதி தென்பட்டாலோ, அது சிறுநீர்த்தடத் தொற்றாகவோ, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் வேறிடத்தில் திறக்கும் பிறவிக் குறையாகவோ இருக்கலாம் என்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். நோய் இல்லையென்று தெளிந்துவிட்டால் எஞ்சியிருப்பது, குட்டியின் தசை முதிரும்வரை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையில் பொறுமை காப்பது மட்டுமே. ஒருவர் அடங்கியிருக்க மற்றொருவர் ஆரவாரமாகக் கொஞ்சும் வீட்டில் எந்தப் பயிற்சியும் நிலைக்காது.