உங்களுக்குத் தெரியுமா? கன்கார்டு குடித்த எரிபொருள்

ஒலியைப் போல இருமடங்கு வேகத்தில் பறந்த கன்கார்டு பயணிகள் விமானம், லண்டனிலிருந்து நியூயார்க்கை ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் அடைந்தது. சாதாரண ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. சுமார் 100 பயணிகளுக்காக அதன் தொட்டிகள் 95 டன் அளவுக்கு விமான மண்ணெண்ணெய் கொண்டன. அதாவது ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன்!

ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது விமானத்தைச் சுற்றி அதிர்வலைகள் உருவாகி, காற்றின் தடை கூர்மையாக உயர்கிறது. அதை வெல்ல அதிக எரிபொருள் செலவானது. புறப்படும்போதும் ஒலி வேகத்தைக் கடக்கும்போதும் இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாயில் கூடுதல் எரிபொருளைப் பீய்ச்சி எரிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு எரிபொருள் எரிந்து வெளியான கரியமில வாயுவோடு கேடு முடியவில்லை. கன்கார்டு பறந்தது சுமார் 18 கி.மீ. உயரத்தில், ஓசோன் அடுக்கு இருக்கும் பகுதியில். ஜெட் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனைச் சிதைக்கக்கூடும் என்று வேதியியலாளர் ஹரால்டு ஜான்ஸ்டன் 1971-இல் எச்சரித்தார். இத்தகைய விமானங்கள் நூற்றுக்கணக்கில் பறக்கும் என்று அன்று எதிர்பார்க்கப்பட்டதால், அந்த எச்சரிக்கை மிக அவசியமானதாக இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் தன் நாட்டின் ஒலிமிஞ்சு விமானத் திட்டத்துக்கு நிதியை நிறுத்தியது. செலவும் இரைச்சலும் அதற்கான காரணங்களில் அடங்கும்.

மொத்தம் 20 கன்கார்டுகளே கட்டப்பட்டன. 1976-இல் தொடங்கிய பயணிகள் சேவை 2003-இல் நிறுத்தப்பட்டது.