தம்பிக்கு முன்னால் பாடியவர்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை நடந்து முடிப்பதற்குள், எத்தனை கடைகளில் இளையராஜாவைக் கேட்கிறோம்! ரமண பக்தரான அவருக்கு இது சொந்த ஊர் மாதிரி. அவருக்கு முன்பே பாட்டுக் கட்டி, மேடையேறிப் பாடிய அண்ணன் பாவலர் வரதராசனைப் பற்றிக் கேட்டால் மட்டும், “பாவலர் கிரியேஷன்ஸ்னு படத்துல போடுவாங்களே, அவரா?” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்துக்காரர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளே அவருடைய சபா. ஊர் ஊராகப் போவார்; அந்த ஊர்ப் பிரச்சினையை விசாரிப்பார்; ஜனங்களுக்குப் பழகிய மெட்டில் அன்றைக்கே வார்த்தைகளைப் பொருத்திப் பாடுவார். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசுக்குச் சட்டமன்றத்தில் மயிரிழைப் பெரும்பான்மைதான். ஒவ்வொரு இடமும் உயிர். வாக்காளர்களில் கணிசமானவர்கள் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். காங்கிரஸின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையைக் கேலி செய்து பாவலர் கட்டிய பாட்டு மலையெங்கும் பரவியது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்கும் பங்குண்டு என்று இன்றும் பேசுகிறார்கள்.

அந்த மேடைகளில்தான் பின்னாளில் இளையராஜாவான தம்பி ராசய்யா வளர்ந்தார். குரல் உடையும் வரை பெண் குரலில் பாடினார். பிறகு ஆர்மோனியத்துக்கு வந்தார். அதற்கு முன்பு அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பெட்டியைத் தொட்டதற்குப் புறங்கையில் பிரம்படி வாங்கியதை இளையராஜாவே சொல்லியிருக்கிறார். மண் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் எந்த இடத்தில் நிமிர்கிறது, எந்த வரிக்குக் கை தட்டுகிறது என்பதை அருகிலிருந்து வருஷக்கணக்கில் பார்த்த பையன் அவர். முதல் படமான ‘அன்னக்கிளி’க்கு முன்னால் அவர் படித்த முதல் இசைக்கல்லூரி அண்ணனின் மேடைதான் என்பேன். அந்தப் படம் 1976-ல் வந்தது. பாவலர் 1973-லேயே போய்விட்டார்.

கட்சி மேடைப் பாட்டுக்கு ஆயுசு குறைவு. தேர்தல் முடிந்தால் பாட்டும் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். சினிமாப் பாட்டுக்கு இசைத்தட்டு இருந்தது. கோயில் பாட்டுக்கு ஓதுவார் இருந்தார். கூலி உயர்வு கேட்டுப் பாடியவனுக்கு மைக் செட் மட்டும்தான் இருந்தது. ‘ராஜாதி ராஜா’, ‘சிங்காரவேலன்’ படங்களைத் தயாரித்த நிறுவனத்துக்குத் தம்பிகள் அண்ணன் பெயரை வைத்தார்கள். அது பாசம். ஆனால் பெயர் நிலைத்த அளவுக்குப் பாட்டு நிலைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

விடிய விடிய நடக்கும் கலை இலக்கிய இரவுக்குப் பேர்போன ஊர் திருவண்ணாமலை. மேடைப் பாடகனின் அருமை தெரிந்த ஊர். அடுத்த கலை இரவில் ஒரு மணி நேரம் பாவலருக்கு ஒதுக்குங்கள். அவர் பாடல்களை இளம் பாடகர்களைப் பாட வையுங்கள். கம்பத்திலோ மூணாறிலோ அவர் பாட்டை நேரில் கேட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே உட்கார வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். செல்போன் போதும்.