இம்பீரியல் பள்ளத்தாக்கின் சம்பந்திகள்

கலிபோர்னியாவின் தென்கோடியில் மெக்ஸிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் இம்பீரியல் பள்ளத்தாக்கு, 1901ஆம் ஆண்டில் கொலராடோ நதியின் ஜலத்தை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரும் வரையில் வெறும் பாலைவனமாகவே இருந்தது. ஜலம் வந்த சில வருஷங்களுக்குள் அங்கே பருத்தி விளைந்தது. விளைந்த பருத்தியை எடுக்க ஆட்கள் வேண்டியிருந்தது. ஜலந்தர், ஹோஷியார்பூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து கப்பலேறி வந்த பஞ்சாபி விவசாயிகள் ஒரு திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். 1910இல் மூண்ட புரட்சியின் அமளியில் வீடுவாசலை இழந்த மெக்ஸிகோக் குடும்பங்கள், பல சமயம் தாயும் பெண்மக்களுமாக, மற்றொரு திசையிலிருந்து எல்லையைக் கடந்து வந்தன. ஒரே வயலில் இவ்விரு சாராரும் சந்தித்ததன் பயனாக, முதல் உலக யுத்த காலத்தில் தொடங்கி அடுத்த முப்பது வருஷங்களில் நூற்றுக்கணக்கான விவாகங்கள் நடந்தேறின.

காதலை நான் மறுக்கவில்லை. ஆனால் காதலுக்கு முன்னால் சட்டம் நின்றது. 1917ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதிக்கும் கதவைச் சாத்திவிட்டபடியால், ஊரில் மனைவியை விட்டு வந்தவன் அவளை அழைத்துக்கொள்ளவும் இயலவில்லை, ஊருக்குப் போனால் திரும்பி வருவோம் என்ற நிச்சயமும் இல்லை. வெள்ளை இனத்தார் வேற்றினத்தாரை மணப்பதைக் கலிபோர்னியாச் சட்டம் தடுத்தது. மெக்ஸிகோப் பெண்ணும் பஞ்சாபி ஆணும் விவாக அனுமதிச் சீட்டுக்காக வந்து நின்றபோது, நம்மூர்ப் புரோகிதர் கோத்திரத்தைப் பார்ப்பதுபோல் ஜில்லாக் குமாஸ்தா அவர்களுடைய தோலைப் பார்த்தார். இருவரும் மாநிறம் என்று அவருக்குத் தோன்றினால் சீட்டு கிடைத்தது. தோன்றாதபோது, வேறு மாகாணத்துக்குப் போய் மணந்துகொண்டவர்களும் உண்டு.

ரொட்டியும் டார்ட்டியாவும் ஒன்றுபோலிருந்ததால் மனமும் ஒன்றாயிற்று என்று இந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லுவது வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு ரசமாயிருக்கிறது என்பதற்கு மேல் அதில் அதிகச் சாரம் இல்லை என்றே எனக்குப் படுகிறது. புதுமணப் பெண் கால்வைத்த வீட்டில் கணவன் மட்டுமா இருந்தான்? குத்தகையில் பங்குள்ள கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அவளே சமைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. அவள் செய்த காரியம் சாமர்த்தியமானது: தன் தங்கையையோ சித்தி மகளையோ அந்தக் கூட்டாளிகளில் ஒருவனுக்கு மணம் பேசி முடித்தாள். இப்படி, சகோதரிகள் கூட்டாளிகளை மணக்க, குத்தகைக் கூட்டு உறவுமுறையாக உருமாறியது. மருமகள் தனியாக மாமியார் வீடு புகுகிற பஞ்சாப் வழக்கம் இங்கே தலைகீழாயிற்று. பெண்ணின் தாயார் கூப்பிடு தூரத்தில் இருக்க, உற்றார் எவருமில்லாமல் அந்நியனாக நின்றவன் மாப்பிள்ளைதான்.

வீட்டில் வழங்கிய பாஷை ஸ்பானிய பாஷை. கூலியாட்களோடு பேசுவதற்காக ஏற்கெனவே அதைக் கற்றிருந்த கணவன்மார், அந்தப் பாஷையிலேயே புதுப்பெயரும் பெற்றார்கள். இந்தர் என்பவன் அந்த்ரேஸ் ஆனான். குழந்தைகளுக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது. அப்போது ஞானத் தகப்பனாக நின்றவன், பெரும்பாலும் இதேபோன்ற மற்றொரு தம்பதியின் சீக்கியக் கணவன். அவன் தன் மதத்தைத் துறந்தானா என்றால் இல்லை. பல நூறு மைல் வடக்கே ஸ்டாக்டன் நகரில் 1912இல் எழுந்த குருத்வாரா அவனுடையதாகவே இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒரு கூரையின் கீழ் இருந்தவர்கள், மரணத்தில் மட்டும் அவரவர் மார்க்கத்தில் பிரிந்தார்கள்: அவனுக்குத் தகனம், அவளுக்குக் கத்தோலிக்கக் கல்லறை.

சச்சரவும் இருந்தது. மனைவி கடைவீதிக்கும் நடனத்துக்கும் போவதைப் பொறாத கணவனும், அடியையும் குடியையும் பொறாத மனைவியும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விவாகரத்து என்பதைக் கனவிலும் எண்ணியிராத பஞ்சாபி, தன் சம்சாரம் வக்கீல் வைத்து வழக்காடுவதைக் கண்டு திகைத்திருப்பான். அந்தத் திகைப்பும் புது தேசத்தில் அவன் பெற்ற கல்வியில் ஒரு பாகம் என்பேன்.

நிலத்துக்காகத்தான் இவர்கள் இந்தப் பெண்களை மணந்தார்கள் என்ற அபவாதம் ஒன்று வெகுகாலம் உலவியது. பிரஜா உரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்கள் நிலம் வாங்கலாகாது என்று 1913ஆம் வருஷத்துக் கலிபோர்னியாச் சட்டம் விதித்திருந்தது உண்மை. ஆனால் இந்தியர்கள் அந்தத் தகுதியற்றவர்களே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் முடிவு கூறியது 1923இல். விவாகங்களோ அதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிட்டன. மேலும், மனைவியின் பெயரால் நிலம் பெறும் வழியும் எளிதில் திறக்கவில்லை. அத்தகைய அந்நியனை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிரஜா உரிமையை இழப்பாள் என்றும், வேற்று நாட்டுப் பெண்ணானால் அந்த விவாகம் நீடிக்கும் வரை பிரஜையாக முடியாது என்றும் 1922ஆம் வருஷத்துக் கேபிள் சட்டம் சொல்லிற்று. கணவன் நிலத்தைப் பெறவில்லை. மனைவி அவனுடைய உரிமையின்மையைப் பெற்றாள். பின்னாளில் பத்திரங்களில் ஏறியவை, அமெரிக்க மண்ணில் பிறந்ததனாலேயே பிரஜைகளான சிறு குழந்தைகளின் பெயர்கள்.

1946இல் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்களுக்குப் பிரஜா உரிமை பெறும் தகுதியையும், வருஷத்துக்கு நூறு பேர் என்ற குடியேற்ற அளவையும் வழங்கியது. இதே பள்ளத்தாக்கில் விவசாயம் செய்துவந்த தலீப் சிங் சவுந்த் 1949இல் பிரஜையாகி, 1956இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய மனைவி செக் வம்சத்துப் பெண். இவை கொண்டாடப்பட்ட செய்திகள். ஆனால் கதவு திறந்தவுடன், முதுமையெய்திய சிலர் முப்பது வருஷத்துக்குப் பிறகு ஊர் சென்று உறவைப் புதுப்பித்ததும், புதிதாக வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் மெக்ஸிகோத் தாய்மாரின் மக்களைத் தம்மவராக எண்ணத் தயங்கியதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பஞ்சாபிலேயே தங்கிவிட்ட மனைவியரைப் பற்றியோ ஏறக்குறைய எதுவுமே எழுதப்படவில்லை. அவர்கள் அமெரிக்க ஏடுகளில் தலைகாட்டியது அபூர்வமாக, அதுவும் சொத்து வழக்குகளில்தான். உயில் எழுதாமல் கலிபோர்னியாவில் இறந்துபோன தலீப் சிங் பீர் என்பவருக்குப் பஞ்சாபில் முறைப்படி மணந்த மனைவியர் இருவர் இருந்தனர். ஒருத்தியை மட்டுமே மனைவியாகக் கொள்ள முடியும் என்று கீழ்க்கோர்ட்டு கருதிய அந்த வழக்கில், இருவருக்கும் சமபங்கு உண்டென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது.