எம்.டி.ஆர். காசநோய்: மருந்தைப் பாதியில் விடாமல் இருக்க

ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோயைத்தான் எம்.டி.ஆர். என்கிறார்கள். இதையும் குணப்படுத்தலாம். ஆனால் பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் விடுகிறார்கள் என்று கேட்டால் வழி பிறக்கும்.

வருடக்கணக்கில் ஊசி போட வேண்டுமா?

வேண்டாம். முன்பு ஒன்றரை வருடத்துக்கும் மேல் சிகிச்சை, அதில் பல மாதங்களுக்கு ஊசி. கேனமைசின் ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. இப்போது எல்லாமே மாத்திரைதான். பெடாகுவிலின், பிரிட்டோமேனிட், லைன்சோலிட், மாக்சிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாத சிகிச்சைக்கு 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்கு வேறு மாத்திரைகள், கூடுதல் மாதங்கள்.

மாத்திரை போட்ட பிறகுதான் உடம்பு படுத்துகிறது. நிறுத்திவிடலாமா?

படுத்துவது உண்மை. லைன்சோலிட் சாப்பிடுபவருக்குப் பாதம் எரியலாம், மரத்துப்போகலாம். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடப்பார். ரத்தசோகை வரலாம், பார்வை மங்கலாம். உடனே சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவைப்பார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

நீண்ட சிகிச்சையில் தரும் குளோஃபாசிமினால் தோல் கறுக்கும். கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு இது இருமலைவிடப் பெரிய துயரம். மருந்து முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பும் என்பதை முதல் நாளே அவளிடம் சொல்லிவிட வேண்டும். சைக்ளோசெரின் சிலருக்கு மனச்சோர்வு, தூக்கமின்மை, சந்தேகப் பேச்சு என்று மனதைப் பாதிக்கும். வீட்டார் இதைக் காத்துக்கருப்பு என்று நினைத்து மந்திரிக்கப் போகாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இருமல் நின்று எடையும் கூடிவிட்டதே, போதாதா?

போதாது. மிச்சமிருக்கும் கிருமிகள் இந்த மருந்துகளுக்கும் பழகிவிட்டால், மாற்று மருந்துகள் மிகக் குறைவு.

வேலைக்குப் போனால்தான் சோறு. என்ன செய்வது?

காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் வரும். கட்டட வேலை செய்பவருக்கு இது ஓரிரு நாள் கூலிதான். போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். வெளியூர் வேலைக்குப் போவதாக இருந்தால் காசநோய்ப் பிரிவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிகிச்சையை அந்த ஊருக்கு மாற்றித் தருவார்கள்.

வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டாதா?

சென்னையில் 1950-களில் நடந்த ஆய்வு உலகுக்கே வழிகாட்டியது: மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால், வீட்டில் சிகிச்சை பெறுபவரின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. அது சாதாரண காசநோயில் நடந்த ஆய்வு. எம்.டி.ஆரிலும் சரியான மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை குறையும். ஆரம்ப வாரங்களில் முகக்கவசம் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையே இல்லை.

சில நாள் மாத்திரையை விட்டுவிட்டேன். திட்டுவார்களோ?

திட்டக் கூடாது. விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளாமல், உடனே காசநோய்ப் பிரிவுக்குப் போய் எத்தனை நாள், ஏன் என்று சொல்லுங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.